கழுத்து சுளுக்கிய கழுகு

ஏப்ரல் 6, 1945. வெள்ளி

மழை. காலுறை காயவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்து இருநூற்றுப் பத்துப் பெயர் டைப் அடித்தேன்.

எங்கள் டிவிஷனுக்கு இன்று வயது நான்கு நாள். பெயர் ஹாஃபல். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள், யோசிக்க நேரமில்லை போல. ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆறி வந்தவர்கள், கப்பல் இல்லாத மாலுமிகள், விமானம் இல்லாத விமானப்படைக்காரர்கள், பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு அனுப்பப்பட்டவர்கள் – எல்லோரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, மேலே ‘டிவிஷன்’ என்று எழுதியாகிவிட்டது. பீரங்கி பதினொன்று. இழுக்க வண்டி நான்கு. மீதி ஏழும் எப்படி நகரும் என்று டோபர்டின் ஐயாவிடம் கேட்டேன். “அதெல்லாம் நகராது பொண்ணு. எதிரி நகர்ந்து வருவான்ல” என்றார்.

டோபர்டின் தலைமையகத்தின் மூத்த சார்ஜென்ட். நம் ராணுவத்தில் அந்தப் பதவிக்காரரைக் கம்பெனியின் அம்மா என்பார்கள். சோறு, பூட்ஸ், காகிதம், திட்டு எல்லாம் அவர் கையால்தான். கிராமத்துப் பள்ளிக்கூடம்தான் தலைமையகம். மூன்றாம் வகுப்பில் என் டைப்ரைட்டர். கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் அழியாமல் இருக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு தப்பு. திருத்தவில்லை.

ஏப்ரல் 8. ஞாயிறு

முத்திரை வரவில்லை.

இதுதான் இன்று முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு சிப்பாயின் சட்டைப் பையிலும் ஓர் அடையாளப் புத்தகம் இருக்கும். எந்தப் படை, எந்தத் தேதியில் சேர்ந்தான், எல்லாம் அதில் ஏறி, பக்கத்தில் வட்ட முத்திரை விழவேண்டும். எங்கள் முத்திரை பெர்லினில் செய்யக் கொடுத்திருக்கிறதாம். கொண்டுவரப் போனவரும் வரவில்லை, முத்திரையும் வரவில்லை. பெர்லினே வருமா தெரியாது.

முத்திரை இல்லாவிட்டால் என்ன என்று சாதாரண நாளில் கேட்கலாம். இப்போது முடியாது. கழுத்தில் சங்கிலி போட்டுத் தகட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற ராணுவப் போலீஸ் – சங்கிலி நாய்கள் – நேற்று ரயில் நிலையத்தில் எங்கள் ஆட்கள் இருவரைப் பிடித்து நாலு மணி நேரம் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். ஹாஃபல் டிவிஷனா, அப்படி ஒன்று எங்கள் பட்டியலில் இல்லையே என்றார்களாம். டோபர்டின் நேரில் ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தார். 

நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? வாய் சும்மா இருந்தால்தானே. “லினோலியத்துல நான் செதுக்கறேன் ஐயா, தரையில ஒட்டற விரிப்பு இருக்கே, அதுல” என்றேன்.

என்னைப் பற்றி எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்: பத்து வயதிலிருந்து முத்திரை சேர்க்கிறேன். தபால் தலை இல்லை, முத்திரை. நகராட்சி, நீதிமன்றம், பால் சங்கம், மீன்பிடித் துறைமுகம் – பழைய உறைகளிலிருந்து வெட்டி ஒட்டியவை நூற்று எண்பத்து மூன்று. எந்த ஊர் முத்திரையில் எழுத்து எவ்வளவு சாய்வு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அண்ணன் யோஸ்ட் என்னை ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவான். இருபத்தொரு வயசாகியும் அதே பெயர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிறிஸ்துமஸ் அட்டைக்கு லினோலியம் செதுக்கிக் கையை வெட்டிக்கொண்டு கற்றதுதான்.

ஏப்ரல் 9. திங்கள்

வகுப்பறை அலமாரிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தரை லினோலியத்தை ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். டாக்டரிடம் ஒரு சிறு கத்தி. கைப்பிடியாக ஒட்ட, உடைந்த நாற்காலிக் கால்.

எழுத்துகள்தான் கஷ்டம். எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்கவேண்டும். மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பி, ஜன்னலில் வைத்து வரைந்து, அப்புறம் செதுக்கினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நடுவில் இருக்கிற கழுகு சுலபம். டோபர்டினின் பெல்ட் கொக்கியைக் கழற்றி வாங்கி முன்னால் வைத்து அப்படியே பார்த்துச் செதுக்கினேன். இரண்டு பக்கமும் சிறகு ஒரே மாதிரிதானே, அதற்கு எதற்குத் திருப்பல்.

கொக்கி இல்லாமல் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே டோபர்டின் மதியம் முழுக்க நடமாடினார். ஜெனரல் எதிரே வந்தபோதும் ஒரு கையால்தான் சல்யூட்.

ஏப்ரல் 10. செவ்வாய்

என்ன அழகு! நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறது. எழுத்து எழுத்தாக இருக்கிறது. ஜெனரலின் கேப்டன் பார்த்துவிட்டு, பெர்லினில் செய்தது போலவே இருக்கிறது என்றார்.

முதல் புத்தகம் லாரி ஓட்டும் குனோ பிளாத்துடையது. எல்பெ நதிக்கு அந்தக் கரை ஊர்க்காரர், நாற்பது வயது, பீட்ரூட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். பெண்டாட்டி மேட்டா காய்ச்சும் பீட்ரூட் பாகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். முத்திரையை ஊதிக் காயவைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, “என்ன தங்கச்சி, உன் கழுகுக்குக் கழுத்து சுளுக்கிடுச்சா?” என்றார்.

என் முகம் சுருங்கிவிட்டது. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று பார்ப்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். “பீட்ரூட்டுக்குக் கழுத்தே கிடையாது, உங்களுக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஏப்ரல் 12. வியாழன்

ஆயிரத்து நூற்று நாற்பது. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 14. சனி

யோஸ்ட் வந்திருக்கிறான்!

வரிசையில் நிற்கிறான், நான் தலையைத் தூக்காமல் “பெயர்?” என்கிறேன், “உன் அண்ணன்டி ரப்பர்” என்கிறான். மேசையைத் தாண்டி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். ஏழு மாதமாகிறது பார்த்து. எலும்பும் தோலும். இடது கையில் கட்டு, இரண்டு விரல் இல்லை. ஆஸ்பத்திரியைக் காலி செய்து, நடக்க முடிந்தவர்களையெல்லாம் எங்கள் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இடது கைக் காயம்.  சண்டைக்குப் பயந்து தன் இடது கையில் தானே சுட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் சங்கிலி நாய்கள் இடது கைக் கட்டைப் பார்த்தால் இரண்டு முறை பார்க்கிறார்கள். யோஸ்டுடையது குண்டுச் சிதறல். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சீட்டு சீட்டுதான்.

அவன் புத்தகத்தில் மட்டும் நான் ரொம்ப நிதானமாக அழுத்தினேன். நேராக, மை சமமாக. மூவாயிரத்தில் இதுதான் மிக நல்ல பதிவு.

கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் பட்டாலியனுக்கு அவனை அனுப்பிவிட்டார்கள். மேற்கே எங்காவது என்று டோபர்டினிடம் கெஞ்சினேன். “மேற்குல அமெரிக்கக்காரன், கிழக்குல ரஷ்யாக்காரன். நடுவுல இருக்கறது நம்ம பள்ளிக்கூடம் மட்டும்தான், அதுல ஏற்கெனவே நீ இருக்க” என்றார். அவருக்கும் அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 17. செவ்வாய்

நேற்றிலிருந்து கிழக்கே சத்தம். இடி இல்லை. இடி நிற்கும். இது நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி மெதுவாக உறுமிக்கொண்டே இருக்கிறது. டைப் அடிக்கும்போது கேட்காது. அதனால் தேவையில்லாததையும் டைப் அடிக்கிறேன்.

ஏப்ரல் 19. வியாழன்

கால்வாய்ப் பாலத்தில் நேற்று முதல் சங்கிலி நாய்களின் காவல். தனியாக மேற்கே போகிற ஒவ்வொருவனையும் நிறுத்துகிறார்கள்.

காலையில் பிளாத் லாரியோடு அந்தப் பக்கம் போனார். ரொட்டிக்காக. இரண்டு நாளாக இங்கே ரொட்டி இல்லை. மேற்கே ஒரு பேக்கரி இன்னும் சுடுகிறது. போகும் உத்தரவை நான்தான் டைப் அடித்தேன், நான்தான் முத்திரை வைத்தேன். பெண்டாட்டி ஊர்ப் பக்கமாகப் போகிறீர்கள், பாகு கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றேன். எல்பெயில் பாலமெல்லாம் உடைத்துவிட்டார்கள், நீந்தித்தான் வாங்கவேண்டும் என்றார்.

மாலைவரை திரும்பவில்லை. லாரி பழையது. நின்றுபோயிருக்கும்.

ஏப்ரல் 20. வெள்ளி

தலைவரின் பிறந்தநாள் என்று ஆளுக்கு ஐந்து சிகரெட்டும் ஒரு கரண்டி ஜாமும் கொடுத்தார்கள். ஜாமை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் தபால்காரர் வந்தார்.

பிளாத் பாலத்துக்குப் பக்கத்து லிண்டன் மரத்தில் தொங்குகிறார்.

கழுத்தில் அட்டை. அதில் என்ன எழுதியிருந்தது என்று தபால்காரரிடம் கேட்டவர் டோபர்டின். தபால்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘போலி முத்திரையோடு ஓடினேன்.’

போலி. அது எப்படி போலி. கேப்டனே பார்த்தாரே. எழுத்து ஒன்றுகூட – நான் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு முத்திரையை வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தேன். என் பெட்டியிலிருந்து, ஒட்டி வைத்திருக்கிற பழைய ராணுவ முத்திரை ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். எழுத்து சரி. வட்டம் சரி. சிறகு சரி.

தலை.

அதில் கழுகு இடது பக்கம் பார்க்கிறது. என்னுடையது வலது பக்கம். கொக்கியைப் பார்த்து அப்படியே செதுக்கினேன் – அப்படியே – செதுக்கியது அச்சில் விழும்போது திரும்பும்தானே, எழுத்துக்கெல்லாம் ஜன்னலில் வைத்து வைத்துத் திருப்பினேனே, சிறகு ஒரே மாதிரிதானே என்று – அய்யோ. வலது பக்கம் பார்ப்பது ஆளும் கட்சியின் கழுகு. ராணுவத்துடையது இல்லை. பத்து வயசுலேர்ந்து சேக்கறேன். நூத்தி எம்பத்தி மூணு முத்திரை. எனக்குத் தெரியாதா? எனக்கு இது தெரியாதா?

கழுத்து சுளுக்கிடுச்சா தங்கச்சின்னு கேட்டாரே. முதல் நாளே கேட்டாரே. நான் கேலின்னு நெனச்சேன்.

ஏப்ரல் 21. சனி

டோபர்டினிடம் சொன்னேன். இரண்டு தாளையும் முன்னால் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். தன் கொக்கியைத் தடவிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார், வேறு யாரிடமாவது சொன்னாயா என்று. இல்லை என்றேன்.

இன்றைக்கே புதிதாகச் செதுக்கிவிடுகிறேன், சரியாக, என்றேன்.

“செதுக்கி?” என்றார். “புதுசு சரின்னா பழசு தப்புன்னு ஆயிடும். மூவாயிரம் பேர் பையில பழசு இருக்கு. அத்தனை பேரையும் நாமே போலின்னு எழுதிக் கொடுத்த மாதிரி.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. தப்பைத் திருத்தினால் அவர்கள் சாவார்கள். திருத்தாவிட்டாலும் சாவார்கள்.

மூவாயிரம் புத்தகத்தையும் திரும்ப வாங்க முடியாது, பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. கிழக்குப் பட்டாலியனுக்குப் போன் கம்பி காலையிலேயே அறுந்துவிட்டது. அறுவதற்கு முன் வந்த கடைசிச் செய்தியை நான்தான் குறித்தேன்: காயம் சீழ் பிடித்தவர்கள் நாளை மதியம் பாலம் கடந்து மேற்கே ஆஸ்பத்திரிக்கு. நான்கு பெயர். மூன்றாவது ரெய்ன்கே, யோஸ்ட்.

என் அண்ணன். மேற்கு நோக்கி, இடது கைக் கட்டோடு, என் முத்திரையோடு. மூவாயிரத்தில் மிக நல்ல பதிவு. கழுகின் தலை எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கும்.

டோபர்டின் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: தப்பு என்பது காகிதத்தில் ஏறாதவரைதான் தப்பு. ஏறிவிட்டால் விதி. புதிய டிவிஷன் தன் முத்திரையின் மாதிரியைக் காவல் நிலையங்களுக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அவசரத்தில் நாம் அனுப்பவில்லை. இப்போது அனுப்புவோம். ‘ஹாஃபல் டிவிஷனின் முத்திரையில் கழுகு வலது நோக்கியிருக்கும். இது தனி அடையாளம்.’ கேப்டன் படிக்காமல் கையெழுத்துப் போடுவார், அவர் அப்படித்தான், இதுவரை அதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்றார்.

டைப் அடித்தேன். ஏழு முறை தப்பு வந்தது.

“அது சரி ஐயா, இந்தக் கடிதத்துக்கு என்ன முத்திரை வைக்கறது?”

“நம்மகிட்ட எத்தனை இருக்கு?” என்றார்.

ஏப்ரல் 22. ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். 

டோபர்டின் தானே போவதாக இருந்தார். ஆனால் தனியாக ஒரு ஆண் மேற்கே போனால் முதலில் அவரைத்தான் நிறுத்துவார்கள். தட்டச்சுக்காரி கடிதம் கொண்டுபோனால் தபால். நான் சைக்கிள் எடுத்தேன். பதினான்கு கிலோமீட்டர். எதிரும் புதிருமாக வண்டி, குழந்தை வண்டியில் மூட்டை, கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிழவர். இரண்டு முறை விமானம் வந்தது, இரண்டு முறையும் பள்ளத்தில் விழுந்தேன். பையை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காகிதம் நனைந்தால் போச்சு.

மரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். பார்த்தேன். பூட்ஸைக் கழற்றியிருந்தார்கள். பச்சைக் காலுறை. குதிகாலில் கம்பளி நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. மேட்டா போட்டிருப்பாள்.

பாலத்தடிச் சுங்கச்சாவடி அறையில் ஒரு லெப்டினன்ட். பெயர் க்ரோல் என்று மேசையில் இருந்தது. வாத்தியார் மாதிரி முகம். பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைத்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் நான்கு பேர். மூன்றாவது யோஸ்ட்.

நான் வருவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். மதியம் என்றுதானே சொன்னார்கள். நான்கு புத்தகமும் மேசையில் திறந்து கிடந்தன, பக்கத்தில் பூதக்கண்ணாடி. யோஸ்ட் என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி ஜன்னலுக்குத் திரும்பினான். தங்கை என்று தெரிந்தால் நானும் அந்தப் பெஞ்சில்தான்.

கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். மறுபடி படித்தார்.  

“இதை யார் உறுதிப்படுத்தறாங்க?”

“முத்திரை இருக்குங்க, கீழே.”

“எந்த முத்திரை?”

“அதே முத்திரைதாங்க.”

நிமிர்ந்து பார்த்தார்.  ராணுவத்தின் கழுகு இடது பக்கம்தான் பார்க்கும், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், ஏன் உங்களுடையது மட்டும் இந்தப் பக்கம் என்றார்.

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. டோபர்டினும் நானும் காரணம் எழுதவே இல்லை. சுவரில் பெரிய வரைபடம். கழுகைப் பார்த்தேன், வரைபடத்தைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசியது. எப்போதும்போல.

“மேப்புல வச்சுப் பாருங்க. இடது பக்கம் மேற்கு. வலது பக்கம் கிழக்கு. எங்க டிவிஷன் கிழக்கைப் பாத்து நிக்கறதுங்க. அதான்.”

பொய். எவ்வளவு மடத்தனமான பொய். ஆனால் அவர் உண்மையாகவே எழுந்து வரைபடத்துக்கு முன் போய் நின்றார். தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தார். நேராக வைத்தார். பிறகு திரும்பி வந்து, அலமாரியிலிருந்து தடிமனான கோப்பு ஒன்றை எடுத்தார். கத்தரிக்கோலால் மாதிரி முத்திரையைச் சுற்றி வெட்டி, பசை தடவி, ஒட்டி, கீழே எண் எழுதினார். அவ்வளவு சுத்தமான ஒட்டு. நான் ஒட்டுவது போலவே.

“இது பத்து நாளைக்கு முன்னாடியே வந்திருக்கணும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு” என்றார். திட்டுகிற குரல்தான், தாமதமாக வந்த மாணவியைத் திட்டுவது போல. ஜன்னலுக்கு வெளியே மரம்.

எனக்கு என்ன வந்ததோ. அப்படியானால் வியாழக்கிழமை வந்த எங்கள் லாரிக்காரருடையதும் சரியான முத்திரைதானே என்று கேட்டுவிட்டேன். யோஸ்ட் பெஞ்சில் அசைந்தான்.

அவர் பேனாவை மையில் தோய்த்து, எண்ணுக்குப் பக்கத்தில் தேதி எழுதினார். ஏப்ரல் 22.

“இன்னிலேர்ந்து செல்லும். முன்தேதி போடறதில்ல.”

நான்கு புத்தகத்தையும் மூடி, பெஞ்சுப் பக்கம் தள்ளினார். மாதிரி கொடுத்ததற்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். போட்டேன்.

வெளியே பாலத்தின் மேல் யோஸ்ட் என்னைக் கடந்து போகும்போது நிற்கவில்லை. மெதுவாக, உதடு அசையாமல், “திரும்பிப் பாக்காத ரப்பர், ஓட்டு” என்றான். பார்க்கவில்லை. ஓட்டினேன்.

ஏப்ரல் 23. திங்கள்

இன்று எதையும் டைப் அடிக்கவில்லை.

ஏப்ரல் 29. ஞாயிறு

பள்ளிக்கூடத்தைக் காலி செய்து மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறோம். கரும்பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் திருத்திவிட்டு வந்தேன்.

வழியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் சொன்னார்கள், பாலத்தில் இப்போது நம் புத்தகத்தைக் கண்டால் உடனே விடுகிறார்கள், வலது பக்கம் பார்த்தால் ஹாஃபல் என்று. சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 

மே 3. வியாழன்

காட்டில் ஒரு மரவண்டி மேல் டைப்ரைட்டர். கடைசி எண்ணிக்கை: எண்ணூற்றுப் பதினாறு பேர். வாய் உடைந்த பீரங்கி ஒன்று.

எல்லோருக்கும் விடுவிப்புச் சீட்டு அடிக்கச் சொல்லிவிட்டார் ஜெனரல். ஒவ்வொன்றுக்கும் முத்திரை. லினோலியம் ஓரத்தில் உடைந்துவிட்டது, கழுகின் தலை மட்டும் அப்படியே. பெட்டி நிறைய மை வைத்திருந்தோம். ரொட்டிதான் இல்லை.

மே 6. ஞாயிறு

எல்பெயைக் கடந்துவிட்டேன். உடைந்து தண்ணீரில் கிடக்கும் பாலத்தின் இரும்பு மேல், பலகை மேல், நான்கு காலால். பின்னால் குண்டு விழுந்துகொண்டிருந்தது. சீருடை போட்ட பெண்கள் ராணுவக் கணக்கில் சேர்த்தியாம். ஊர்ப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தச் சாம்பல் நிறச் சட்டை முதன்முதலாக எனக்கு உதவியது. அதற்காக வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கரையில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், சூயிங்கம் மென்றுகொண்டே, பட்டியலில் விரலை ஓட்டினான். ஹாஃபல் இல்லை. மறுபடி ஓட்டினான். அப்படி ஒரு டிவிஷன் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சங்கிலி நாய்கள் சொன்ன அதே வார்த்தை. அவன் தோளைக் குலுக்கி, ‘தெரியாதது’ என்று எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டான். அவ்வளவுதான்.

டோபர்டின் எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தார். அவருடைய கொக்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், நினைவுப் பொருளுக்காம். மறுபடியும் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு போனார்.

ஜூன் 19. செவ்வாய்

இந்தக் கரைச் சிற்றூரில் நகராட்சி அலுவலகத்தில் ஆறு நாளாக வேலை. காணாமல் போனவர்களைப் பதிகிற மேசை. டைப் தெரியும் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். யோஸ்ட் உயிரோடு இருக்கிறான். பண்ணை வேலைக்கு என்று இந்த மாதம் கைதி முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். எட்டு விரலால் பசு கறக்கிறான், பசுவுக்கும் அது பிடிக்கவில்லை. ஜூலையில் இங்கேயும் ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள் என்று பேச்சு. எல்லோரும் மறுபடி மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று பார்க்கிறார்கள்.

இன்று பதினோராவது ஆள் ஒரு பெண். தலைத்துணி, கையில் பாகு ஜாடி. மேசைக்காரிக்குக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவர் பெயர் கேட்டேன்.

பிளாத், குனோ.



ஊரில் செய்தி வந்துவிட்டதாம். போலிக் காகிதத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தார், பிடித்துத் தொங்கவிட்டார்கள் என்று. தேவாலயத்தில் இறந்தவர் பெயர் வாசிக்கும்போது அவர் பெயரை வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு ஓடினாரா?”

எழுந்துபோய்விடலாம். தெரியாது என்று சொல்லலாம். பட்டியலில் அப்படி ஒரு டிவிஷனே இல்லை, பாருங்கள் என்று காட்டலாம். அதுவும் உண்மைதான்.

“இல்லக்கா. ரொட்டி வாங்கப் போனாரு. அந்த உத்தரவை டைப் அடிச்சது நான்தான்.”

“அப்ப காகிதம் போலின்னு...”

என் பையின் அடியில், காலுறைக்குள் சுற்றி, இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் ஆற்றில் போடவில்லை என்று எனக்கே தெரியாமல் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தேன். முழுவதும் சொன்னேன். ஜன்னல், கொக்கி, தலை. முதல் நாளே அவர் கண்டுபிடித்துச் சொன்னதை. நான் கோபித்துக்கொண்டதை. அவர் போனதற்கு மூன்றாம் நாள் அதே பாலத்தில் என் அண்ணன் நடந்து போனதை.

அவள் லினோலியத்தைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

“கழுத்து சுளுக்குன்னாரா?” என்றாள். “எங்க வாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாரு.”

அப்புறம்தான் அழுதாள்.   

எழுதிக்கொடுக்கிறாயா, தேவாலயத்தில் காட்டவேண்டும் என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது சரி.

படிவத்தை உருளையில் ஏற்றினேன். படை: ஹாஃபல் டிவிஷன். கடைசியாகச் சென்றது: உத்தரவின் பேரில், ரொட்டிக்காக. காகிதம்: உண்மையானது. தேதி: ஏப்ரல் 19. முத்திரை தவறானதற்குப் பொறுப்பு, தகவல் தந்தவர், இரண்டுக்கும் ஒரே பெயர்தான் – அல்முட் ரெய்ன்கே. கையெழுத்துப் போட்டேன்.

கீழே முத்திரைக்கு என்று அச்சிட்ட ஒரு வட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.